வளர்மதிக்கு விடுப்பு

வளர்மதி காய்ச்சலோடு மலையேறி வந்த அன்று அவள் அம்மா குஞ்சம்மாள் காட்டில் சாமை அறுத்துக்கொண்டிருந்தாள். கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது, வடக்கே மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது, ஒரு மழை பிடித்து அடித்தால் வருஷத்துச் சோறு மண்ணோடு போய்விடும். அப்படிப்பட்ட நேரத்தில் எந்தப் பொம்பளை வீட்டில் உட்கார்ந்திருப்பாள்? கதிர்க்கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு அவள் வீடு வந்து சேர்ந்தபோது மகள் உள்ளே பாயில் கிடந்தாள். புருஷன் கொளஞ்சியப்பன் அடுப்பில் சுடுதண்ணீர் வைத்துக்கொண்டிருந்தான்.

"எப்ப வந்துச்சு?"

"இப்பத்தான். வெள்ளிமலைலருந்து ஆட்டோக்காரன் வாசல்லயே கொண்டாந்து வுட்டுட்டுப் போறான். ஒடம்பு நெருப்பா கொதிக்குது. தூக்கினு வந்து படுக்க வச்சேன்."

"கூப்டியா?"

கொளஞ்சியப்பன் குனிந்து அடுப்பை ஊதினான்.

"உன்னத்தாய்யா கேக்கறேன். எல்லைப் பாறைல நிக்க வச்சிக் கூப்டியா இல்லியா?"

"மழ தூறிக்கினு இருந்துச்சு. புள்ளைக்கு நிக்கவே தெம்பு இல்ல. இதுல எங்க போயி நிக்க வச்சிக் கூப்புடறது?"

குஞ்சம்மாள் கதிர்க்கட்டை அப்படியே வாசலில் போட்டாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். மலையை விட்டு இறங்கி வெளியூரில் தங்கிவிட்டு வருகிறவர்கள், கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போனவனாகட்டும், படிக்கப் போனவளாகட்டும், நேராக வீட்டுக்குள் காலை வைத்துவிடக் கூடாது. ஊர் தொடங்குகிற இடத்தில் ஒரு பாறை இருக்கிறது. அதன் பக்கத்தில் நிற்க வேண்டும். வீட்டு ஆள் யாராவது சொம்புத் தண்ணீரோடு எதிரே போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வந்தவர் "வந்துட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் காலில் தண்ணீர். ஆள் வந்துவிடுகிறது, சரி. ஆளோடு எல்லாமும் வந்துவிட்டதா என்று யார் கண்டது? அதற்குத்தான் இந்தக் கூப்பாடு.

நடந்து ஏறிய காலத்தில் இது தவற வழியே இல்லை. ஒற்றையடிப் பாதை அந்தப் பாறையை உரசிக்கொண்டுதான் ஊருக்குள் நுழையும். பிறகு தார் ரோடு வந்தது. ஊரே கிடா வெட்டிக் கொண்டாடியது. ரோடு பாறைப் பக்கம் வராமல் பின்பக்கமாகச் சுற்றி வந்து வாசலில் ஏறியதைக் கறிச்சோற்று மும்முரத்தில் யாரும் யோசிக்கவில்லை.

மழை விட்டதும் குஞ்சம்மாள் சொம்பை எடுத்துக்கொண்டு பாறைக்கு ஓடினாள். ஆள் இல்லாத பாதையைப் பார்த்து "வளரு... ஏ வளர்மதி..." என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். வீட்டில் கிடந்தவள் வாயைத் திறக்கவில்லை.

காய்ச்சல் இரண்டொரு நாளில் இறங்கிவிட்டது. வளர்மதி எழுந்திருக்கவில்லை. கண் திறந்திருக்கும், யாரையும் பார்க்காது. கஞ்சி ஊட்டினால் பாதி கடைவாயில் வழியும். வெள்ளிமலை ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, பலவீனம், படுக்கையில் ஓய்வு தேவை என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். எல்லாம் சரியாக இருக்கிற பிள்ளை ஏன் நாளுக்கு நாள் பாயோடு பாயாக வற்றிக்கொண்டு போகிறது என்று குஞ்சம்மாள் கேட்டதற்கு அவரால் என்ன சொல்ல முடியும்?

டாக்டரிடம் அவள் சொல்லாத ஒன்று உண்டு. சொன்னால் கிறுக்கச்சி என்பார்கள். தினமும் காலையில் வெயில் முற்றத்துக்கு வருகிற நேரத்துக்கு வளர்மதியின் வலது கை தானாக எழும். ஆள்காட்டி விரல் பாயின் மேல் ஒரு கோடு கிழித்து, சுழித்து, ஒரு புள்ளி வைத்துவிட்டு விழும். அது அவள் கையெழுத்து. அது மட்டுமானால் பழக்கதோஷம் என்று விட்டுவிடலாம். பொழுது சாய்ந்தால் அவள் விரல் நுனியெல்லாம் சிவந்திருக்கும். ரத்தச் சிவப்பு இல்லை, சாயச் சிவப்பு. குஞ்சம்மாள் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி விடுவாள். அடுத்த நாள் சாயங்காலம் திரும்பச் சிவந்திருக்கும். அந்த வீட்டில் சாயம் என்று ஒரு பொட்டுக்கூடக் கிடையாது.

வளர்மதி கீழே பல்கலைக்கழகத்தில் கடுக்காயைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். மலையில் மரத்துக்கு மரம் கடுக்காய் கொட்டுகிறதே, அதில் ஏன் அத்தனை கொஞ்சம்தான் முளைக்கிறது என்பது அவள் கேள்வி. கொட்டையை உடைத்து, உள்விதையைத் தாள் மாதிரி சீவி, சிவப்புச் சாயத்தில் முக்கிக் கண்ணாடிக்கடியில் வைத்துப் பார்ப்பது அவள் தினசரி வேலை. இதெல்லாம் குஞ்சம்மாளுக்குத் தெரியும். அதனால்தான் அந்த விரலைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் ஒரு பிடி சாம்பலை அள்ளிப் போட்டுத் தேய்த்தாள்.

"எனக்கு இன்னா தோணுதுன்னா," என்றாள் புருஷனிடம். முற்றத்தில் இரண்டு பேரும் சாமைக் கட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். "பாதிப் புள்ளதான்யா வந்துகீது. மீதி வழில எங்கியோ நின்னுகினு கீது."

"உளறாத. பலவீனம்னு டாக்டரு எழுதிக் குடுத்துகீறாரு."

"பெரியண்ணன் மாமனுக்கும் பலவீனம்னுதான் சொன்னாங்க."

கொளஞ்சியப்பன் கதிர் அடிப்பதை நிறுத்தினான். பெரியண்ணன் கதை ஊருக்கே தெரியும். மிளகுக் காட்டிலிருந்து ஆள் அரவமில்லாமல் வந்து படுத்துவிட்டான். எல்லோரும் அறுவடையில் இருந்தார்கள், யாரும் கூப்பிடவில்லை. அடுத்த வருஷம் மிளகு பறிக்கப் போன ஊர்க்காரர்கள், பெரியண்ணன் அங்கே ஏணியில் நின்று காய் பறித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, நம்மை முந்திக்கொண்டு வந்துவிட்டானே என்று சிரித்துப் பேசிவிட்டு வந்தார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது ஊரில் அவனுக்குக் காரியமே முடிந்திருந்தது.

"கூப்ட்டுக் கூட்டினு வரணும்யா. ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டா நின்னு கூப்ட்டுப் பாக்கறேன். அப்பிடியே அந்தக் காலேஜு வரைக்கும் போயி லீவும் சொல்லிட்டு வந்துடறேன். ஒரு மாசம் ஆவப் போவுது. கையெழுத்து இல்லேன்னா பேர அடிச்சிருவாங்க."

"நீ போயி இன்னா பேசுவ அங்க?"

"ஏன், வாய் இல்லியா எனக்கு?"

குஞ்சம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிஎச்.டி. சட்டதிட்டம் மட்டும் தலைகீழ்ப் பாடம். மகள் ஊருக்கு வரும்போதெல்லாம் அடுப்பங்கரையில் உட்கார்ந்து புலம்பியது அத்தனையும் அதுதானே. முழுநேர ஆய்வாளர் என்றால் தினமும் துறையில் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் குழுவுக்கு முன்னால் நின்று செய்த வேலையைச் சொல்ல வேண்டும். முன்கூட்டிச் சொல்லாமல் நின்றுவிட்டால் பதிவு ரத்து. ரத்தானவர் திரும்பவும் சேரலாம், யார் வேண்டாம் என்றது? ஆனால் முதலாம் நாளிலிருந்து, புது ஆளாக. செய்ததெல்லாம் செய்யாததாகிவிடும். வளர்மதிக்கு ஏற்கெனவே ஒரு தடவை நீட்டிப்பு கொடுத்தாகிவிட்டது. ஆய்வுச் சுருக்கத்தை இந்த வருஷத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். முறையாக விடுப்பு வாங்கினால் அந்தக் காலம் கெடுவில் சேராது, பேரும் நிற்கும். இத்தனையும் தெரிந்த பொம்பளை வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாளா?

விடியற்காலைப் பஸ்ஸில் இறங்கினாள். வீட்டிலிருந்த ஒரே போனையும் டாக்டர் சீட்டையும் மடியில் கட்டிக்கொண்டாள். கச்சிராயபாளையத்தில் கூப்பிட்டாள், கள்ளக்குறிச்சியில் கூப்பிட்டாள். உளுந்தூர்பேட்டையில் லாரி இரைச்சலுக்கு நடுவில் நின்று மகள் பேரைக் கத்தியபோது டீக்கடைக்காரர், யாரையாவது தொலைத்துவிட்டாயா அம்மா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டுச் சென்னை பஸ் ஏறினாள். எங்கேயும் பதில் இல்லை.

பல்கலைக்கழகத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது உச்சிப் பொழுது. ஆராய்ச்சிப் பிரிவில் தமிழழகன் என்கிற எழுத்தர் சாப்பாட்டுப் பையோடு கிளம்பிக்கொண்டிருந்தார். வந்தவள் காலில் அப்பியிருந்த மலைச் செம்மண்ணைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார். நல்ல மனுஷன்.

"இன்னாம்மா வேணும்? யாரப் பாக்கணும்?"

"எம் பொண்ணு வளர்மதி இங்கதாங்க பிஎச்டி படிக்குது. ஒடம்பு முடியாம வூட்ல கெடக்குதுங்க. லீவு சொல்லலாம்னு வந்தேங்க. டாக்டரு சீட்டு கீது."

"எந்த வளர்மதி? கடுக்கா பத்திப் பண்ணுதே, கல்வராயன் மலைப் பொண்ணு, அதா?"

"அதேதாங்க."

தமிழழகன் சிரித்தார். "உங்களுக்கு யாரோ தப்பா சொல்லிட்டாங்கம்மா. காலைல இங்க வந்து எங்கிட்டப் பேசிட்டுத்தானே போச்சு அது. சுருக்கம் எத்தினி காப்பி குடுக்கணும்னு கேட்டுச்சு."

"இருக்காதுங்க. நான் வர்றப்பக்கூட கஞ்சி ஊட்டிட்டுத்தாங்க வந்தேன்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். டாக்டர் சீட்டை வாங்கிப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தாவரவியல் துறைக்குத் தானே கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் குஞ்சம்மாளுக்கு இரண்டு மனசு. இவர் சொல்கிறது பொய்யாக இருக்கட்டும் என்று ஒரு மனசும் மெய்யாக இருக்கட்டும் என்று ஒரு மனசும் வேண்டிக்கொண்டே போயின.

வளர்மதியின் கைடு விஜயலட்சுமி மேடம் கண்டிப்பானவர். குஞ்சம்மாளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார்.

"நானே உங்களுக்குப் போன் பண்ணணும்னு நினைச்சேன்மா. இந்த ஒரு மாசமா வளர்மதி பேய் மாதிரி வேலை பண்றா. காலையில நான் வர்றதுக்கு முன்னாடி இருக்கா, நான் கிளம்பறப்பவும் இருக்கா. வேலையில ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா மெஸ்ஸுக்கே போறதில்லையாம். ஏம்மா சாப்பிடலன்னு கேட்டா, வீட்ல அம்மா ஊட்டுச்சு மேடம்ங்கறா. கிண்டல் பண்றாளா, என்னன்னே தெரியல."

குஞ்சம்மாள் அப்போதே எழுந்து ஆய்வுக்கூடத்தைத் தேடிப் போனாள்.

ஆய்வுக்கூடம் நீளமாக, யாருமில்லாமல் இருந்தது. கோடியில் ஜன்னலோரம் ஒருத்தி குனிந்து உட்கார்ந்திருந்தாள். பின்னாலிருந்து பார்த்தாலே போதும், பெற்றவளுக்குத் தெரியாதா? அதே ஒற்றைச் சடை, இடது தோளைச் சற்று இறக்கி உட்காருகிற அதே வாகு. விரல் நுனியெல்லாம் சிவப்பு. கிட்டே போனால் ஈர விறகின் புகை வாசம் அடித்தது, வீட்டில் பாய் போட்டிருக்கிற மூலையில் அடிக்கிற அதே வாசம்.

"அம்மா," என்றாள் அவள், திரும்பாமலே. "எம் பேரச் சொல்லிடாத."

"ஏண்டி?"

"சொன்னா நான் வந்துடணும். சுருக்கம் இன்னும் முடியல."

"நீ யாருடி?"

"இன்னாம்மா இப்பிடிக் கேக்கற? நான்தான்."

"அப்ப வூட்ல கெடக்கறது யாரு?"

அவள் கண்ணாடிச் சில்லைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். முகம் தெளிவாக இருந்தது, களைப்பில்லை. அந்தத் தெளிவுதான் குஞ்சம்மாளைப் பயமுறுத்தியது.

"அதுவும் நான்தாம்மா. எனக்குத் தெரியும். ஹாஸ்டல்ல கட்டில் மெத்தைலதான் படுக்கறேன், ஆனா எழுந்தா பாய்ல கெடந்த வலி முதுவுல கீது." கொஞ்சம் நிறுத்தினாள். "அன்னிக்குக் காய்ச்சலோட பஸ் ஏறினேன்மா. உளுந்தூர்பேட்டைல எறங்கி நின்னேன். லீவு எழுதிக் குடுக்காம வந்துட்டமே, இத்தினி வருசம் பட்டதெல்லாம் போயிடுமேன்னு பகீர்னுச்சு. வூட்டுக்குப் போலாம்னும் இருந்துச்சு, திரும்பிடலாம்னும் இருந்துச்சு. ரெண்டு பஸ்ஸும் ஒரே நேரத்துல வந்துச்சு. நான் திரும்பி ஏறிட்டேன்."

"அவ மலைக்கு ஏறிட்டா."

"ம்."

வெளியே யாரோ குழாயைத் திறந்து கை கழுவிவிட்டுப் போனார்கள்.

"ஒரு மாசம்மா. ஒரே ஒரு மாசம். குடுத்துட்டு நானே வந்துடறேன்."

"அங்க அவளுக்குக் கஞ்சி எறங்க மாட்டேங்குதுடி. கையி சுள்ளியாட்டம் ஆயிடுச்சு. இன்னும் ஒரு மாசம் தாங்க மாட்டா."

"லீவு இல்லாம நான் வரமாட்டேன்."

அவள் குரல் உயரவில்லை, ஆனால் அசையாது என்று தெரிந்தது. சின்ன வயசில் பள்ளிக்கூடத்துக்கு மழையில் போகாதே என்றால் இப்படித்தான் நிற்பாள். குஞ்சம்மாளுக்கு அந்த நிலையிலும் பெருமையாக இருந்தது. தன் மகள்தான் இது, சந்தேகமே இல்லை.

"சரி. லீவு வாங்கிக் குடுத்தா வருவியா?"

"வருவேன்."

ஆராய்ச்சிப் பிரிவில் தமிழழகன் தலையைச் சொறிந்தார். "சீட்டுல படுத்த படுக்கைன்னு போட்டிருக்குது. இந்தா, ஆளு எதிர்ல நிக்குது. இத நான் எப்பிடிம்மா மேல அனுப்பறது?"

"படுத்துதாங்க கீது," என்றாள் குஞ்சம்மாள்.

விஜயலட்சுமி மேடம் வந்து வளர்மதியை ஏற இறங்கப் பார்த்தார். அவள் மணிக்கட்டைப் பிடித்தவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். அந்தக் கையில் சூடே இல்லை. "இவளுக்கு ஓய்வு வேணும். நான் பரிந்துரை பண்றேன், எழுதுங்க," என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். துறைத் தலைவர், பிறகு இன்னும் ஒரு அறை, இன்னும் ஒரு கையெழுத்து என்று காகிதம் சுற்றி வருவதற்குள் பொழுது சாயத் தொடங்கியது.

"ஆறு மாசம் விடுப்பு," என்றார் தமிழழகன். "இந்த ஆறு மாசம் கெடுவுல சேராது. பதிவு அப்பிடியே நிக்கும். ஆனா ஒண்ணு நல்லாக் கேட்டுக்கம்மா. லீவுல இருக்கறவங்க லேபு, லைப்ரரி, ஹாஸ்டல் எதுக்கும் வரக் கூடாது. கார்டை ஒப்படைச்சிடணும். வந்தா கேட்லயே நிறுத்திடுவாங்க."

"உள்ள வுடவே மாட்டாங்களா?"

"மாட்டாங்க. ரூலு."

"அதுதாங்க வேணும்," என்றாள் குஞ்சம்மாள். நாலு வாரத்துக்கு அப்புறம் அவள் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பு வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று தமிழழகன் அவள் போன் நம்பரைக் குறித்துக்கொண்டார்.

வளர்மதி கடைசியாகக் கையெழுத்துப் போட்டாள். கோடு, சுழி, புள்ளி. கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அவள் விரலில் இருந்த சிவப்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிறிக்கொண்டு போனதைத் தமிழழகன் பார்த்தாரோ என்னவோ, பேனாவை மூடி உள்ளே வைத்தார்.

உளுந்தூர்பேட்டையில் இறங்கியதும் குஞ்சம்மாள் முதல் தடவையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பக்கத்தில் நின்ற மகள் "வந்துட்டேன்" என்றாள். குஞ்சம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. கள்ளக்குறிச்சிக்கு வருவதற்குள் மலைக்குப் போகிற கடைசி பஸ் போய்விட்டது. தங்கச்சி கமலா வீட்டில் ராத் தங்கினார்கள். கமலா இட்லி வைத்தாள். வளர்மதி தட்டைத் தொடவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த பிள்ளை எழுந்து நடமாடுகிறதே என்று கமலா சந்தோஷப்பட்டாள். மடியில் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்ததைக் குஞ்சம்மாள் கவனிக்கவில்லை.

காலையில் பஸ் கோமுகி அணையைத் தாண்டி ஏறும்போது பனி இறங்கி ரோடு தெரியவில்லை. ஊருக்கு ஒரு வளைவு முன்னாலேயே குஞ்சம்மாள் பஸ்ஸை நிறுத்தச் சொன்னாள். இந்தத் தடவை ஆட்டோவும் வேண்டாம், தார் ரோடும் வேண்டாம். பழைய ஒற்றையடிப் பாதையில் புதரை ஒதுக்கிக்கொண்டு கூட்டிவந்து பாறைக்குப் பக்கத்தில் மகளை நிறுத்தினாள்.

"இங்கயே நில்லு. சொம்பு எடுத்தாறேன். நவுராத."

வீட்டில் கொளஞ்சியப்பன் தூற்றிய சாமையை மூட்டையில் அள்ளிக்கொண்டிருந்தான். மனுஷன் முகமெல்லாம் பல். அவனை அப்படிப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"வந்துட்டியா? பக்கத்து வூட்லருந்து உனக்குப் போன் பண்ணச் சொன்னேனே, பண்ணாங்களா இல்லியா? நேத்துப் பொழுது சாயற நேரம், நான் இங்க தூத்திக்கினு கீறேன், உள்ளருந்து பசிக்குதுப்பான்னு கொரல் கேக்குது!"

குஞ்சம்மாள் வாசல்படியிலேயே நின்றாள்.

"எழுந்து உக்காந்துகீறா! களி கிண்டிக் குடுத்தேன், மொச்சக் கொழம்பு ஊத்தித் தின்னா. மொகம் கழுவினா, தல வாரினா. அம்மா எங்கன்னா. லீவு சொல்லப் போயிகீதுன்னேன். ஐயோ லீவு எதுக்குப்பா, இன்னும் ஒரு மாசம்தானே கீது, நான் போயி நின்னாதான் ஆவும்னா. ஒரே அடம். அப்ப வந்த பஸ்ல நானே ஏத்தி வுட்டேன். நான் ஏன் தடுக்கணும் சொல்லு? செத்துடும்னு நெனச்ச புள்ள எழுந்து ஓடுது."

"எந்நேரம் எழுந்தா?"

"அதான் சொன்னனே, பொழுது சாயற நேரம்."

அங்கே மேஜைமேல் அட்டை விழுந்த நேரம் அது. குஞ்சம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள். பாய் சுருட்டிச் சுவரோரம் நிறுத்தியிருந்தது. லீவு வாங்கியதும் அங்கே இருந்தவளுக்கு வேலையின் பிடி விட்டது, இங்கே கிடந்தவளுக்கும் அதே நொடியில் பாயின் பிடி விட்டிருக்கிறது. ஒருத்தியை இவள் மேலே கூட்டிக்கொண்டு வருகிறாள், இன்னொருத்தி கீழே இறங்கிக்கொண்டிருக்கிறாள். ராத்திரி எந்த இடத்திலோ இரண்டு பஸ்ஸும் எதிரெதிரே போயிருக்க வேண்டும். குஞ்சம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாடி ஆச்சு? வழில பாக்கலியா அவள?" என்றவன் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தான். பனி சற்று விலகியதில் பாறையோரம் நின்றவளைக் கண்டதும் அவன் சிரிப்பு இன்னும் பெரிதானது. "அட, அங்க நிக்குதே! கூட்டினுதான் வந்துகீறியா? சொல்ல வேண்டியதுதானே. போ போ, கூப்டு உள்ள. இந்தத் தடவ நான் தப்புப் பண்ணல, ஆமா."

புருஷனிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாளைக்காவது இந்த மனுஷன் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். போனை ஜன்னலோரம் சார்ஜில் போட்டாள். அங்கே வைத்தால்தான் டவர் கிடைக்கும். சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு பாறைக்குப் போனாள். போனவள் வாய் திறக்காமல் நின்றாள். கூப்பிட்டால் இவள் உள்ளே வந்துவிடுவாள். இவள் மட்டும் வந்து என்ன ஆகும்? மறுபடியும் பாயை விரிக்க வேண்டியதுதானா? கூப்பிடாமல் விட்டால் இவள் எங்கே போவாள்?

"ஏம்மா நிக்கற? கூப்புடும்மா," என்றாள் வளர்மதி. பனியில் அவள் உதடு நடுங்கியது. "பசிக்குதும்மா."

பசிக்கிறது என்று நிற்கிற பிள்ளையிடம் நீ எந்தப் பாதி என்று எந்தத் தாயால் கேட்க முடியும்? குஞ்சம்மாள் கூப்பிட்டாள். மகள் "வந்துட்டேன்" என்றாள். காலில் தண்ணீர் ஊற்றும்போது அந்தக் கால் சில்லென்றிருந்தது, ஆனால் செம்மண் ஒட்டியிருந்தது.

அடுப்பங்கரையில் உட்கார வைத்து மீந்திருந்த களியை உடைத்துக் குழம்பை ஊற்றினாள். வளர்மதி அள்ளி அள்ளித் தின்றாள். கொளஞ்சியப்பன் வாசலில் மூட்டையைக் கட்டிக்கொண்டே ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தான். ஜன்னலோரம் போனில் உயிர் வந்து ஒளிர்ந்தது. வந்த வேகத்தில் மணி அடித்தது.

"அம்மா, நான் தமிழழகன் பேசறேன், ஆராய்ச்சிப் பிரிவு. காலைலருந்து அடிச்சிக்கினே கீறேன், ஏம்மா எடுக்கல? உங்க பொண்ணு இங்க கேட்ல நிக்குது. நேத்துத்தானே படிச்சிப் படிச்சிச் சொன்னேன், லீவுல இருக்கறவங்கள உள்ள வுட முடியாதுன்னு? நீங்களும் தலயாட்டினீங்களே. இது நான் லீவே போடலேங்குது. அந்தக் கையெழுத்து என்னுது இல்லேன்னு சாமி மேல சத்தியம் பண்ணுது. ஆளு எலும்பும் தோலுமா கீது, ஒரு ராத்திரில எப்பிடிம்மா இப்பிடி ஆச்சு? ஒரே அழுவ. செக்யூரிட்டிக்கே மனசு கேக்கல. ஆனா ரூல மீறி நாங்க ஒண்ணும் பண்ண முடியாதும்மா. அம்மா... லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேங்க."

"இப்ப இத இன்னா பண்றது?"

"அங்கயே ஒரு எடத்துல உக்கார வையுங்க. எங்கயும் போவ வுட்றாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும், ஒரு வாய் தண்ணி குடுங்க. நான் வந்து கூட்டினு வந்துடறேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அடுப்பங்கரையில் வளர்மதி கடைசிக் கவளத்தைக் குழம்பில் தோய்த்துக்கொண்டு தலையைத் தூக்கினாள்.

"யாரும்மா போன்ல?"

குஞ்சம்மாள் அவளையே பார்த்தாள்.

"நீதாண்டி," என்றாள். "கேட்ல நிக்கிற. உன்ன உள்ள வுட மாட்றாங்களாம்."